பூட்டு விற்கப் போன இடத்திலிருந்து அத்தானுக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சான் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து வாயைப் பிளந்தபடி நிற்கிறது. அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், பட்டறையில் இருக்கும் இருபத்தாறு பேர் எல்லோரும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். போனில் பேசினால் எவனாவது ஒட்டுக்கேட்பான், வியாபார விஷயத்தைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும், அதையும் பசை போட்டு ஒட்டிப் பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னதால் இதை எழுதுகிறேன். அக்கா வாசித்துக் காட்டும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

ஏற்றுமதிப் பயிற்சி வகுப்பு எடுத்த அந்தக் கண்ணாடிக்காரர் என்ன சொன்னார்? முதலில் அந்த நாட்டின் பண்பாட்டைப் படி, அடுத்துப் பொருளாதாரத்தைப் படி, கடைசியில் சரக்கை ஏற்று என்றார். நீங்கள் கடைசியில் சொன்னதை முதலில் செய்து, பாதிக் கண்டெய்னரை நிரப்பிவிட்டு, "நீ போய் மத்த ரெண்டையும் பாத்துட்டு வா" என்று என்னை ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன் அத்தான். விமான நிலையத்திலேயே பார்க்கத் தொடங்கிவிட்டேன். சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். மாதிரிக்குக் கொண்டுவந்த அறுபது பூட்டும் பளபளவென்று படுத்திருந்தன. இங்குள்ளவர்களும் நானும் ஆளுக்குப் பாதி இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் பேசிக்கொள்கிறோம். அக்காவுக்குப் புரியட்டும் என்று எல்லாவற்றையும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். "இதெல்லாம் எதுக்கு?" என்றார். விற்பதற்கு என்றேன். "யாருக்கு?" என்றார். "உங்களுக்குத்தான் சார்" என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சாவு வீட்டில் தோளைத் தட்டுவதுபோல என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். வரியும் கேட்கவில்லை.

தங்கியிருக்கும் வீடு ஓர் அம்மாளுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். மாடியில் எனக்கு ஒரு அறை. சன்னல் ஓரம் மேசை, வெளுத்த விரிப்பு, சுவரில் ஒரு கடிகாரம், எல்லாம் திருத்தமாக இருந்தன. பெட்டியை வைத்துவிட்டு, "சாவிம்மா?" என்று கையை நீட்டினேன்.

"எதுக்குச் சாவி?"

"கதவுக்கு."

"கதவுக்குத்தான் கைப்பிடி இருக்கே" என்றார். அதோடு நிற்காமல், எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துக் கைப்பிடியை அழுத்தித் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினார். வாசல் கதவுக்கு? அதற்கும் கைப்பிடிதான். இந்த வீட்டுக்கு ஒரு சாவி இருந்ததாம், அவருடைய கணவர் காலத்தில் எங்கேயோ விழுந்துவிட்டதாம், பிறகு யாரும் தேடவில்லையாம். அத்தான், நம் வீட்டில் உப்பு ஜாடி வைத்திருக்கும் அலமாரிக்கே பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் இதைக் கேட்டு மயங்கி விழக் கூடாது.

மறுநாள் பொருளாதாரத்தைப் படிப்போம் என்று தெருவில் இறங்கினேன். முனையில் ஒரு பலகை மேல் உருளைக்கிழங்கு, முட்டை, நாலு கட்டு கீரை, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. கடைக்காரரைக் காணோம். ஒதுங்கப் போயிருப்பார் என்று காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பெரியவர் வந்தார், தானே கிழங்கை நிறுத்தார், பெட்டியைத் திறந்து காசைப் போட்டார், தானே சில்லறையும் எடுத்துக்கொண்டார். "ஐயா, கடைக்காரர் எங்கே?" என்று கேட்டேன். "அவன் பண்ணையில வேலையா இருப்பான். ஏன், உங்களுக்கு எடை போடத் தெரியாதா?" என்று கேட்டு எனக்கும் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தார். அந்த ஒரு கிலோ உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் சந்தை ஆய்வு செய்தேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ரொட்டிக்கடை வாசலில். ஒரு தள்ளுவண்டியில் பச்சைக் குழந்தை தூங்குகிறது, சுற்றிலும் ஈ காக்கை இல்லை. யாரோ பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். தூறல் வேறு ஆரம்பித்தது. நானும் பிள்ளை பெற்றவன்தானே, குடையை விரித்துக் காவலுக்கு நின்றுவிட்டேன். யாராவது பக்கத்தில் வந்தால் முறைத்தேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பெண் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க யாரு?" என்றாள். "காவல்" என்றேன். "எதுக்குக் காவல்?" என்றாள். பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். நான் முறைத்தவர்களில் எவரோ சொல்லியிருக்கிறார்கள். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன், அவரோ எனக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, "குழந்தைய யாருங்க தூக்கிட்டுப் போவாங்க?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "யாரு வேணாலும் தூக்கிட்டுப் போவாங்க சார்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அந்தப் பெண் வண்டியைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? இல்லை. கண்ணாடிக்காரர் கொடுத்த இருபத்திரண்டு கேள்விகள் உள்ள தாளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மொத்தம் நாற்பத்தொரு வீடு. ஒரு வீட்டிலும் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, தள்ளினால் திறக்கிறது, உள்ளே போனால் காபி கொடுக்கிறார்கள். "நீங்கள் ஊருக்குப் போனால் வீட்டைப் பார்ப்பது யார்?" என்பது ஏழாவது கேள்வி. "வீட்ட என்னத்தப் பாக்குறது?" என்றார் முடிவெட்டுகிறவர். "திருடன் வந்தால்?" என்றேன். "எந்தத் திருடன்?" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை அத்தான், தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை என்று வகை வகையாக எடுத்துச் சொன்னேன். தண்ணீர் கேட்டு வருகிறவன், மீட்டர் பார்க்க வருகிறவன், தூரத்து உறவு என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன், பகலில் பெயின்ட் அடிக்க வந்து சன்னல் கணக்கெடுத்துப் போகிறவன். புழக்கடைக் கதவு தட்டினால் நெருங்கக் கூடாது என்பதை நடித்தும் காட்டினேன். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவரும் கேட்டார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு பூட்டு வாங்கவில்லை.

சரி, ஊருக்கு வழிகாட்டுவோம் என்று என் அறைக்கே பூட்டுப் போட்டேன். நாதாங்கி முடுக்க வீட்டுக்காரம்மாவிடமே திருப்புளி கேட்டேன். அவரும் கொண்டுவந்து கொடுத்து, திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். நம்முடைய ஏழு லீவர், பெரிய சைஸ், போட்டேன், இழுத்துப் பார்த்தேன், கம்பீரமாகப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சாவியைக் காணோம். எல்லாப் பையும் உதறிவிட்டேன். மாற்றுச் சாவி பத்திரமாக அறைக்குள்ளேயே இருந்தது. இந்த ஊருக்கு ஒரே ஒரு பூட்டுத் திறப்பவர், அவரும் வியாழக்கிழமைதான் வருவார், மற்ற நாட்களில் பியானோ பழுது பார்க்கிறார். இரண்டு நாள் வீட்டுக்காரம்மாவின் காலஞ்சென்ற கணவரின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அவர் ஆறடி இரண்டு அங்குலம் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வந்தவர் மூன்று மணி நேரம் குனிந்து, நிமிர்ந்து, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் எழுந்து நின்று பூட்டுக்கு ஒரு வணக்கம் போட்டார். "என்னால முடியாது. செஞ்சவரு பெரிய ஆளு" என்றார். அத்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை நினைத்துத்தான். பிறகு அவர் மறுபக்கம் இருந்த கீலைக் கழற்றிக் கதவையே நாதாங்கியோடு பெயர்த்துச் சுவரில் சாய்த்துவிட்டார். இன்றைக்கும் அது பூட்டியபடியே சாய்ந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஐம்பத்தொன்பது பூட்டு. "இதுக்கா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று மொத்த வியாபாரியைப் பார்த்தேன். இரும்புச் சாமான் கிடங்கு, நம் பட்டறையைப்போல் நாலு மடங்கு. பூட்டைக் கையில் எடுத்தார், எடை பார்த்தார், சாவியைச் சுற்றினார், முகம் மலர்ந்தது. "அருமையான சரக்கு" என்றார். நான் உட்கார்ந்தேன். "எங்களுக்கு வேண்டாம்" என்றார். அத்தான், நம் ஊரில் வேண்டாதவன் என்ன சொல்வான்? பார்ப்போம் என்பான், தம்பியிடம் கேட்கணும் என்பான், தை பிறக்கட்டும் என்பான். இப்படி முகத்துக்கு நேரே, கையில் காபியைக் கொடுத்து, சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லும் மனிதனை நான் கண்டதில்லை. "பத்து வருஷத்துல பதினோரு பூட்டு வித்திருக்கேன். அதுல மூணு திரும்பி வந்துடுச்சு. உங்ககிட்ட பொய் சொல்லி உங்க சரக்க வாங்கிப்போட்டா நீங்களும் நானும் நஷ்டப்படுவோம்" என்றார். கூடவே ரயிலடி வரைக்கும் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

ஆகவே என் ஆய்வின் முடிவு: இந்த நாட்டின் பண்பாடு நம் தொழிலுக்கு எமன். பொருளாதாரம் நன்றாக இருக்கிறது, அதுதான் இன்னும் மோசம். கண்டெய்னரில் ஏற்றியதைத் தயவுசெய்து இறக்கிவிடுங்கள். இந்த ஏற்றுமதியை நம்பித்தான் மூன்றாவது கொட்டகையை மூடாமல் வைத்திருக்கிறோம் என்பதும், பட்டறையில் யாரை முதலில் நிறுத்துவது என்று நீங்கள் விடிய விடிய புரண்டு படுப்பதும் எனக்குத் தெரியும். நிறுத்துவதென்றால் என்னை முதலில் நிறுத்துங்கள். கீல் செய்யலாமா என்று யோசியுங்கள். இங்கே கதவு உண்டு, அதை நிறையத் திறக்கிறார்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பெரியவளைக் கணக்கில் கவனம் வைக்கச் சொல்லுங்கள், சின்னவனை நான் கட்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள். நல்லவர்களும் நாணயமானவர்களும் உங்களைச் சூழ்ந்திருக்க வேண்டுகிறேன். அவர்கள் சூழ்ந்தால் வியாபாரம் என்னவாகும் என்பதையும் மேலே எழுதியிருக்கிறேன்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன், மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். வேலை நேரம்தான், ஆனாலும் தபால் நிலையக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த நாட்டில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. திரும்பி வந்தால் வீட்டு வாசலில் மொத்த வியாபாரி வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். நாலாயிரம் பூட்டு வேண்டுமாம், எத்தனை நாளில் வரும் என்று கேட்டார். நேற்று வேண்டாம் என்றீர்களே என்றேன். "நேத்து ராத்திரி எனக்கு முப்பது போன் வந்துச்சு. வீடு வீடாப் போய், திருடன் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கீங்க. அன்னையிலேர்ந்து ரெண்டு தெருவுல யாரும் தூங்கல. இப்ப ஊரு முழுக்க இதே பேச்சு" என்றார். நான் பதறிப்போய், திருட்டு ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்ல. இதுவரைக்கும் இல்ல" என்றார். ஆகவே அத்தான், மேலே எழுதியதெல்லாம் நேற்று வரைக்கும்தான் உண்மை. யாரையும் நிறுத்த வேண்டாம், கண்டெய்னரை நிரப்புங்கள். நீங்கள் சந்தோஷப்படுங்கள், எனக்குத்தான் வர மாட்டேன் என்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உள்ளே வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். நாலு அடி வந்தவர் நின்றார், திரும்பிப் போய் வண்டியைப் பூட்டினார், கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம், மரியாதையாகத்தான், நீங்க முன்னால நடங்க என்று என்னைக் கை காட்டினார்.