சான்றிதழ் வாங்கிய மின்சார பைக்

2008-ஆம் ஆண்டு, தாம்பரத்து அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஊழியர்களின் உடல்நலத்தில் திடீர் அக்கறை கொண்ட சுற்றறிக்கை ஒன்று வந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். செய்யாதவர்கள், காற்று நன்றாக இருக்கும் வால்பாறைக்கு மாற்றப்படுவார்கள். செய்வதாகச் சான்றிதழ் பெற்றவரை ஊரை விட்டு யாரும் அசைக்க முடியாது.

இளநிலை உதவியாளர் சுகுமார் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது. மனைவி ரேஷ்மாவுக்கு மாடம்பாக்கத்தில் பள்ளிக்கூட வேலை; இரண்டு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்தது. நல்லவேளையாகச் சுகுமார் புதிதாக ஒரு மின்சார பைக் வாங்கியிருந்தார். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ஒப்புக்குச் சப்பாணியாக இரண்டு பெடலும் உண்டு. ஊரப்பாக்கத்திலிருந்து அதில்தான் வந்துபோனார். அதையே உடற்பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் தட்சிணாமூர்த்தி விசாரித்தார்.

"பெடல் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப சைக்கிள்தான். மிதிக்கறீங்களா?"

சுகுமாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மேட்டுல மட்டும் கொஞ்சம் மிதிப்பேன் சார். மத்தபடி மோட்டாரே இழுத்துடும்."

தட்சிணாமூர்த்தியின் பேனா நின்றது. "அப்ப எக்சர்சைஸ் பண்றது யாரு? நீங்களா, வண்டியா?"

இது கொள்கை சார்ந்த கேள்வி என்பதால் மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று நாள் அலுவலக வாசலில் நின்று சுகுமார், வண்டி இருவரையும் தொட்டுப் பார்த்தது. சுகுமாரின் சட்டை காய்ந்திருந்தது, மோட்டார் கொதித்தது. சுகுமாருக்கு மூச்சு வாங்கவில்லை. வண்டிக்குச் சார்ஜ் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அலுவலக உதவியாளர் சவுரிமுத்து சாட்சி சொன்னார்.

"சாரு சிரிச்சிகினுதான் வர்றாரு. வண்டிதான் பேஜாராயி நிக்கிது."

ஆணை பிறந்தது. 'மேற்படி வழித்தடத்தில் நாள்தோறும் உடற்பயிற்சி நடைபெறுவது ஐயமற நிரூபணமாகிறது. அதைச் செய்வது வண்டி. ஆகவே சான்றிதழ் வண்டிக்கே வழங்கப்படுகிறது. சான்று பெற்ற வண்டியைத் தாம்பரத்தை விட்டு அகற்றலாகாது. திரு. சுகுமார் வால்பாறை செல்க.'

மாற்றல் உத்தரவை வாங்க சுகுமார் போனபோது, சவுரிமுத்து மேஜை மேஜையாக வடைத் தட்டையும் கூடவே ஒரு பதிவேட்டையும் நீட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர்கள் பதினேழு பேரும் நாற்காலியை விட்டு எழாமல், 'இன்று காலை திருநீர்மலை ஏறி இறங்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்து தட்சிணாமூர்த்தியுடையது.

சுகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், இதுல ஒருத்தராவது மலை ஏறினாங்களா?"

"சக ஊழியர் எழுதிக் கொடுத்தா நம்பறதுதான் சார் மரியாதை," என்றார் தட்சிணாமூர்த்தி, வடையைப் பிட்டுக்கொண்டே. "உங்களையும் நம்பியிருப்போம். நீங்க எதுக்கு ஆதாரத்தோட வந்தீங்க?"