பதினாலு வாரம் வராத நாய்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், மறதி வந்த கிழட்டு மிருகங்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. மூங்கில் வேலி, தகரக் கூரை, வாசலில் ஒரு பலகை. பொறுப்பு முழுக்க முள்ளம்பன்றியிடம். நல்லவள்தான். வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து. ஆனால் கிழங்கள் அழுதால் கட்டிப்பிடித்துத் தேற்ற முடியாது. ஒருமுறை முயன்று பார்த்தாள். கிழட்டு முயலுக்குப் பதினோரு இடத்தில் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு நாயை வேலைக்கு எடுத்தார்கள். ஆறுதல் நாய் என்று பதவி.

நாயின் பெயர் சடையன். உடம்பெல்லாம் முடி. வேறு தகுதி கிடையாது. சந்தை மேட்டில் திரிந்தவன். சொந்தமென்று ஓர் ஈ காக்கை இல்லை. பச்சைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, "போய் உட்கார்" என்றார்கள். போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான் வேலை.

அவனுக்கு ஒதுக்கிய நோயாளி கோமளம் என்கிற யானை. யானைக்கு எதுவும் மறக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. பேசுகிறவர்கள் கோமளத்தைப் பார்த்ததில்லை. நாற்பது வருஷம் காட்டில் மரம் வெட்டும் கூப்பில் தேக்கு இழுத்தவள். இப்போது முன்னால் வைத்த கேழ்வரகுக் களி உருண்டை எதற்கு என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது.

"யாரு, மேஸ்திரியா?" என்றாள், சடையனைப் பார்த்து.

சடையன் யோசித்தான். "ஆமா."

"தேக்கு ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு. லாரி கிளம்பிடுச்சு. நீ சாப்பிடு."

சாப்பிட்டாள். ஆறு உருண்டை. முள்ளம்பன்றிக்குச் சந்தோஷத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

மறுநாள் அவன் அவளுடைய கன்று. "எங்கடா போய்த் தொலைஞ்ச? காலெல்லாம் சேறு!" அதற்கடுத்த நாள் தம்பி. ஒருநாள் கல்யாணத் தரகன். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான். தும்பிக்கையை அவன் முதுகில் போட்டு, முடியைக் கோதிக்கொண்டே அவள் சாப்பிடுவாள். தும்பிக்கை சரியான கனம். முதுகெலும்பு மடமடக்கும். ஆனால் சந்தை மேட்டில் அந்த முதுகில் விழுந்ததெல்லாம் கல். இது தேவலை என்று அவனுக்குப் பட்டது.

வினை வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிதோறும் கொக்கு தணிக்கைக்கு வருவார். பதிவேட்டை இறக்கையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார். முன்பு ஒரு பூனை, வராமலே வந்ததாக எழுதிவிட்டுப் பாலை மட்டும் குடித்துவந்ததாம். அன்றைக்குப் போட்ட விதி இது: ஆறுதல் சொல்ல ஆள் வந்ததா என்று அந்த ஆளைக் கேட்கக் கூடாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்துவிடாமல் இருக்க, ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும்.

"கோமளம் அம்மாள், போன வாரம் நாய் வந்ததா?"

"எந்த நாய்?"

சடையன் அவள் காலடியில்தான் படுத்திருந்தான். துள்ளி எழுந்தான். "இந்த நாய்தான் ஐயா!"

"நீ இந்த வாரத்து நாய். உன்னைப் பற்றி அடுத்த வாரம் கேட்பேன்."

"போன வாரமும் நான்தான் ஐயா."

"அதை நோயாளி சொல்ல வேண்டும்."

முள்ளம்பன்றி குறுக்கே வந்தாள். "தினமும் வந்தான் சார். என் கண்ணால பார்த்தேன்."

"உங்களுக்கு மறதி உண்டா?"

"இல்லையே."

"அப்படியானால் உங்கள் சாட்சி செல்லாது." கொக்கு யானையிடம் திரும்பினார். "நாய் வரவில்லை. சரி. வேறு யாராவது வந்தார்களா?"

"புலி வந்தார். ரொம்ப நேரம் பேசிட்டிருந்தார். தங்கமான மனுஷன்."

கொக்கு எழுதினார். நாய்: வரவில்லை. புலி: வந்தார்.

"சார், அந்தப் புலி செத்து ஒன்பது வருஷம் ஆச்சு!" என்று முள்ளம்பன்றி கத்தினாள்.

"இறப்புக்கு வேறு அலுவலகம் அம்மா. என்னிடம் வருகை மட்டும்தான்."

சடையன் அந்த வாரம் முழுக்கப் பாடம் நடத்தினான்.

"கொக்கு கேப்பார். நாய் வந்துச்சுன்னு சொல்லணும். எங்கே, சொல்லு."

"நாய் வந்துச்சு."

"இன்னொரு தரம்."

"நாய் வந்துச்சு. ஏன் மேஸ்திரி, உனக்கு நாயின்னா பயமா?"

வெள்ளிக்கிழமை கொக்கு கேட்டபோது புலிதான் வந்திருந்தார். அடுத்த வெள்ளியும் புலி. இப்படியே பதினாலு வாரம். பதினைந்தாவது வாரம் உத்தரவு வந்தது. தொடர்ந்து பணிக்கு வராததால் நாய் நீக்கம். தவறாமல் வந்த புலிக்குப் பதக்கம். பதக்கம் வாங்கப் புலி வரவில்லை. 'அடக்கமானவர்' என்று கொக்கு குறிப்பெழுதினார்.

பச்சைச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சட்டை போட்டவர் உள்ளே வரலாம். நோயாளி உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் வேலிக்கு வெளியே. அதுதான் சட்டம். சடையன் வேலியோரம் படுத்துக்கொண்டு மூங்கில் இடுக்கில் பார்த்தான். கோமளம் உருண்டைகளுக்கு முன்னால் நின்றாள். தும்பிக்கை நீண்டு தரையைத் தடவியது. எதையோ தேடியது. எதை என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் படுத்துவிட்டாள். அந்த வயதில் படுத்த யானை எழுவது அரிது. சடையனுக்கு அது தெரியும். முள்ளம்பன்றிக்கும் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. கொக்கு வந்தார். சடையன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"பதினாலு வாரம் வந்தேன் ஐயா! மழையில வந்தேன், காய்ச்சலோட வந்தேன். மேஸ்திரியா இருந்தேன், கன்னுக்குட்டியா இருந்தேன், தம்பியா இருந்தேன், கல்யாணத் தரகனாக்கூட இருந்தேன்!"

கொக்கு பதிவேட்டைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். "ஒரு நாள்கூட வரவில்லை என்றிருக்கிறதே."

"வந்தேன்!"

கொக்கு பதிவேட்டை மூடினார். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். அவர் குரல் முதன்முறையாக இளகியது.

"வராத இடத்துக்கு வந்ததாகச் சொல்கிறாய். மேஸ்திரி என்கிறாய், கன்று என்கிறாய். பாவம். எத்தனை நாளாக இப்படி?"

மறுத்துப் பேசச் சடையன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு முள் நறுக்கென்று குத்தியது. வாய் மூடிக்கொண்டது.

"ரொம்ப நாளா சார்," என்றாள் முள்ளம்பன்றி. "முத்திப்போச்சு. சேர்க்கைப் படிவம் மூணு நகல் எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

கொக்கு போட்டார். கோமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்தார்கள்.

"யாரு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"மேஸ்திரி."

"தேக்கு?"

"இன்னும் ஏத்தலை. நீ எழுந்தாத்தான் ஆகும். எழுந்திரு."

எழுந்தாள். மூன்று முறை சரிந்து, நான்காம் முறை எழுந்தாள். ஒன்பது உருண்டை தின்றாள்.

அடுத்த வெள்ளி கொக்கு வந்தார். சடையன் இப்போது நோயாளி. அவன் சாட்சி செல்லும்.

"சடையன் ஐயா, போன வாரம் புலி வந்தாரா?"

உள்ளதைச் சொன்னால் குணமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். சடையன் தன் முதுகில் கிடந்த தும்பிக்கையை ஒருமுறை பார்த்தான்.

"வந்தார் ஐயா. தங்கமான மனுஷன்."

கோமளம் காதை ஆட்டினாள். "யாரு, புலியா? அவர் செத்து ஒன்பது வருஷம் ஆச்சே!"

கொக்கின் பேனா நின்றது.

"முத்திப்போச்சு சார்," என்றான் சடையன்.

கொக்கு வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு எழுதினார். புலி: வந்தார்.

நீதி: உண்மையை ஒரே ஒரு முறை சொல். உள்ளே இடம் கிடைத்ததும் நிறுத்திவிடு.