சாரம் பாயும் பச்சைமலைப் பாதையும்

பச்சைமலையில் சாரம் பாயோடு ஏறியவர்களில் அவரைத் திட்டாமல் இறங்கியவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து நிற்காதவரும் கிடையாது. இரண்டு கட்சியிலும் நான் ஆயுள் உறுப்பினர்.

லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் வானுயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர், அதனால்தான் அந்தப் பெயர். ஊர் திரும்பியதும் மகன்கள் அவரை மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன் சீக்கிரமே தப்பியோடி, பெரம்பலூரில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களை ஞாயிறுதோறும் மலைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். கயிறு கட்டிப் பாறையில் இறக்குவதும் உண்டு. நான் அப்போது அங்கே ஒரு வங்கியில் குமாஸ்தா. லேடீஸ் ஹாஸ்டல் உப்புமாவிலிருந்து தப்பிக்க இமயமலை என்றாலும் ஏறியிருப்பேன்.

சாரம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டமாம். மேலே ஏற்றிய பைப்பு, நட்டு எல்லாம் கீழே வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏறும்போது எங்கள் பைகளைக் கொட்டிப் பார்ப்பார், இறங்கியதும் மறுபடி கொட்டுவார். எங்கள் கேஷியர் புளியோதரை கட்டிவந்த வாழையிலையைப் புதரில் போட்டுவிட்டு, அது மக்கிவிடும் என்று வாதாடினார். பாய் குரலை உயர்த்தவே இல்லை.

“உங்க வூட்டு ஹால்ல போட்டு மக்க வெப்பீங்களா சார்?”

கேஷியர் இலையை எடுக்க மறுபடி ஏறினார். அவர் திரும்பும்வரை எங்களுக்கும் டீ கிடையாது. பாதிப் பேர் கேஷியரைத் திட்டினோம், மீதிப் பேர் பாயைத் திட்டினோம். பாய் சாவகாசமாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஜெயங்கொண்டத்து இஞ்சினீயர் ஒருவர் அருவிக்கரையில் தலைக்கு ஷாம்பு தேய்த்துவிட்டார். கீழே மலைக்கிராமம் குடிக்கிற தண்ணீர் அது. அந்தத் தலையோடு தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார் பாய். நுரை காய்ந்த தலையோடு அந்த வாலிபர் அடிவாரம்வரை இறங்கினார். எதிரே வந்தவர்கள் வயசானவர் என்று பரிதாபப்பட்டு வழிவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் ஒரு நாள் பாதையே மூடிக் கிடந்தது. ஏதோ வெளியூர்க் கூட்டம் ஜீப்பில் வந்து அருவி மேட்டில் பிறந்தநாள் கொண்டாடி, பாட்டிலையும் தட்டையும் தெர்மாகோலையும் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஆடு மேய்க்கப் போன பெண் ஒருத்தியின் காலைக் கண்ணாடி கிழித்துவிட்டது. இனி வெளியாட்கள் யாரும் வரக் கூடாது என்று கிராமத்தார் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

பாய் ஊர்ப் பெரியவரிடம் போனார். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தைச் சுத்தம் செய்து தருகிறோம், ஒரு சில்லு மிச்சமிருந்தாலும் இனி இந்தப் பக்கம் வர மாட்டோம் என்று எங்களையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியவர் தலையாட்டினார். எங்களுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. எவனோ போட்ட குப்பையை நாங்கள் ஏன் அள்ள வேண்டும் என்று கேஷியர் கேட்டேவிட்டார்.

“அந்தப் பொம்பள கால்ல ஏறுன கண்ணாடி, யாரு போட்டதுன்னு பாத்தா ஏறுச்சு?” என்றார் பாய்.

கயிற்றில் இறங்க ஆசைப்பட்டு வந்திருந்த எங்களை, ஆளுக்கொரு சாக்கோடு அதே கயிற்றில் கட்டிப் பள்ளத்தில் இறக்கினார். வீரசாகசம் என்று வீட்டுக்குப் போட்டோ அனுப்பக் காத்திருந்த நான், முள்ளுக்குள் கைவிட்டுத் தெர்மாகோல் உருண்டை பொறுக்கினேன். அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும். மேலே நின்ற மலைப்பெண்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, எங்கெங்கே கண்ணாடி மினுங்குகிறது என்று கைகாட்டத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பள்ளத்துக்குள் இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். மேலே பாய் கயிற்றைப் பிடித்தபடி நின்றார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பெரியவர் ஏறிவந்து உள்ளங்காலைத் துடைத்துப் பார்த்தார். “பாய், நீங்க கூட்டியாந்தா மட்டும் வரலாம்.”

நாங்கள் கைதட்டினோம். பாய் மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“என்னைய நம்பித் தொறக்காதீங்க. எனக்கப்புறம் வர்றவன் எப்படியோ. உங்க ஆளு ஒருத்தரு முன்னாடி நடக்கட்டும், கூலி குடுத்துடறோம். அவங்க வேணாம்னா அந்த எடத்துலயே திரும்பிடறோம்.”

கிடைத்ததைக் கெடுக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர், மலைப்பெண்களுக்கு நடுவே காலில் கட்டோடு நின்ற அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். கால் ஆறட்டும், நானே வரேன் என்றாள் அவள். முள் அகன்றது.

சாக்குகளைச் சுமந்து அடிவார பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். நாள் முழுக்க உட்காராத பாய் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். கயிறு இழுத்த வலியா என்று கேட்டேன்.

“வலி இல்லம்மா, பயம். அவரு வெறுங்கால்ல நடக்கறப்ப எனக்கு உசுரே இல்ல. வயசான காலத்துல எனக்குன்னு இருக்கறது இந்த மலை ஒண்ணுதான்.”

பெரம்பலூர் பஸ் வந்தது. பாய் கல்லைவிட்டு எழவில்லை. மற்ற எல்லோரும் ஏறினார்கள், கண்டக்டர் என்னையும் கூப்பிட்டார். அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு ஏற எனக்கு மனசு வரவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.