வார்டுக் கூட்டத்தில் ஒரு வருகைத் தாள்

எங்கள் தொழிலில் ஒரு கூட்டம் நடந்ததற்குச் சாட்சி, அங்கே பேசிய விஷயம் அல்ல, வருகைத் தாள். விதை நேர்த்தி பற்றி மூன்று மணி நேரம் பேசியிருந்தாலும், கையெழுத்து வாங்காவிட்டால் அன்று நீங்கள் வீட்டில் தூங்கியதாகவே கணக்கு. (கையெழுத்து வாங்கிவிட்டு நிஜமாகவே தூங்கியவர்களும் உண்டு. பெயர் வேண்டாம்.)

கர்நாடகத்தில், தமிழக எல்லையோரத் தாலுகாவான ஹனூரில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கள அலுவலராக இருந்தபோது, வேளாண் பணியாளர்களுக்கான தலைமைப் பயிற்சியில் சேர்ந்தேன். மாதம் ஓர் ஊருக்குப் பயணம். வயலை அல்ல, ஊர் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒருவர் குழுத் தலைவர். மைசூரில் என் முறை. அடுத்து வரும் பஞ்சாப் பயணத்துக்கு யார் தலைவர் என்பது அன்றைய மதிப்பெண்ணைப் பொறுத்தது. நான்தான் என்று வீட்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டேன். மாமனார் ஊர்வரை செய்தி போயிருந்தது.

ஒரு வார்டுக் கூட்டத்துக்குப் போனோம். பூங்காவை ஒட்டிக் குப்பை உரக்கூடம் கட்டுவது பற்றிப் பொறியாளர் விளக்க, குடியிருப்போர் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் விமலா மேடம் வாசலிலேயே சொன்னார்: “பின்னாடி உக்காந்து கவனிங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கொத்தாயித்தா?” (‘புரிந்ததா’ என்பதை மேடம் கன்னடத்தில் கேட்டால் அது கடைசி எச்சரிக்கை.)

நான் வாயைத் திறக்கவில்லை. பையைத் திறந்தேன். ஒரு தாளில் பெயர், ஊர், கைபேசி எண், கையெழுத்து என்று கட்டம் போட்டேன். முதல் வரியில் என் பெயரோடு ‘தலைவர்’ என்றும் சேர்த்தேன். பக்கத்திலிருந்த, என்னோடு பயிற்சிக்கு வந்த கௌதள்ளி பழனிச்சாமியிடம் நீட்டினேன்.

“இங்கயுமாங்க?”

“ரெக்கார்டு வேணுமில்லீங்க.”

எங்கள் பன்னிரண்டு பேரோடு தாள் நின்றிருக்க வேண்டும். முன்வரிசைக்காரர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். கொதிக்கிற கூட்டத்தில் கையெழுத்துத் தாள் வந்தால் அது மனுவாகத்தான் இருக்கும் என்பது நகரத்து வழக்கம். நடுவில் ஒரு புண்ணியவான், தலைப்பு விட்டுப்போனதாக நினைத்து, மேலே பெரிதாக எழுதினார்: ‘உரக்கூடம் இங்கே வேண்டாம்.’

தாள் பொறியாளரின் மேசைக்குப் போனது. அவர் முதல் வரியைப் பார்த்து, மைக்கில் என் பெயரைச் சொல்லி, “தலைவர் வந்து பேசலாம்” என்றார். பலத்த கைதட்டல்.

சிறப்பு விருந்தினர் மரியாதை என்று நினைத்தேன். (மேசையில் சால்வை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.) அழைத்தவர் அதிகாரி என்பதால், மேடத்தின் தடை செல்லாது என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன். பழனிச்சாமி சட்டையைப் பிடித்து இழுத்தார். பொறாமை என்று உதறிவிட்டுப் போனேன். ஐந்து நிமிடம் கன்னடத்தில் முழங்கினேன்: குப்பை என்பது பொன், உரக்கூடம் காலத்தின் கட்டாயம், இதைவிடப் பொருத்தமான இடம் மைசூரிலேயே கிடையாது.

இம்முறை பொறியாளர் மட்டும் கைதட்டினார்.

முன்வரிசையில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். என் கன்னடத்தைக் கேட்டே நான் தமிழன் என்று கண்டுபிடித்திருந்தார்.

“யாருப்பா நீ? எங்ககிட்ட சைன் வாங்கிட்டு ஆப்போசிட்டா பேசற! இங்க எந்தத் தெரு, எந்த கிராஸ்ல இருக்க?”

“ஹனூருங்க.”

“நோடி சார், பாருங்க! கிராஸ் கேட்டா தாலுகா சொல்றான்!”

விமலா மேடம் மேடையேறி, சபையிடம் மன்னிப்புக் கேட்டு, என்னை உயிரோடு மீட்டார். தாள் கிழிக்கப்பட்டது. புது மனு எழுதி, அத்தனை பேரும் மறுபடி கையெழுத்திட்டார்கள். அதற்கும் பேனா என்னுடையதுதான்.

என் மதிப்பீட்டில் மேடம் ஒரே வரி எழுதினார்: ‘ஒரே கூட்டத்தில் இரு தரப்புக்கும் தலைமை தாங்கினார்.’ பஞ்சாபுக்குப் பழனிச்சாமி தலைவரானார். அங்கே எல்லாக் கூட்டங்களிலும் என்னை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் போட்டார்.

இந்தச் செய்தியும் மாமனார் ஊர்வரை போனது. இன்றும் வீட்டில் மனைவி எதையாவது கேட்டு நான் தலையாட்டினால், மகள் குறுக்கே வருவாள்:

“அம்மா, அப்பா சரின்னுட்டாருன்னு சந்தோசப்படாத. அவருக்கு இன்னும் மைக் குடுக்கல.”