நாற்பதாம் பக்கத்து மேதை

துப்பறியும் நாவல் வாசகர்களில் ஓர் இனம் உண்டு. ஊரே மெச்சும் புத்தகத்தைப் படித்து, மூடி, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நாப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லும் இனம். ரயிலில் எதிர் இருக்கையிலும் பல் மருத்துவரின் வரவேற்பறையிலும் நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெரிந்துபோன பிறகு மீதியை ஏன் படிக்கிறார்கள்? ஏமாறுவதற்கு. ஏமாற்றம் எதிர்பார்த்தவனுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். எல்லாம் முன்பே தெரிந்தவருக்கு அது எப்படி வருகிறது என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

என் அத்தான் இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை தெளிய வைப்பவர். எல்லோரும் புகழ்ந்த ஒரு நாவலை அக்கா வாங்கிவந்தாள். அத்தான் இரண்டே நாளில் முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அக்காவோ வேலைக்குப் போகும் பேருந்தில் தினம் பதினைந்து பக்கம் படிப்பவள். அலுவலகத்தில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவாள். மூன்று வாரம் அந்த முடிவை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. நீங்க வாயத் திறக்காதீங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்? அந்த டாக்டர்தான்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை நானும் அங்கே இருந்தேன். அக்கா சிரித்த முகமாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த முடிவு உங்களுக்கு ஏன் பிடிக்கல?"

"புதுசா ஒண்ணுமே இல்லம்மா. கடைசிப் பதினாறு பக்கமும் படிச்சதையே திரும்பப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. டாக்டர் மறுபடியும் கை கழுவுறான். அவ்வளவுதான் கிளைமாக்ஸ்."

அக்கா புத்தகத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள். இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது முப்பத்து மூன்றாம் பக்கம். பைண்டிங் செய்தவர் கடைசிப் பதினாறு பக்கங்கள் சேர்ந்த அச்சுப் பாரத்தை விட்டுவிட்டு, மூன்றாம் பாரத்தையே இன்னொருமுறை சேர்த்துத் தைத்திருந்தார். முடிவு அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

அத்தான் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"அதான் சொன்னேனே, படிச்சதேதான்னு."

அக்கா புத்தகக் கடையில் வேறு பிரதி மாற்றி வாங்கி, பேருந்திலேயே முடித்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"டாக்டர்தானே?" என்றார் அத்தான்.

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"இல்ல, சும்மா கேட்டேன். புத்தகம் எங்க?"

"ஆபீஸ் மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன்."

நான்கு மாதமாகிறது. அத்தானே புத்தகக் கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கலாம். ஆனால் தெரிந்த கதையை ஒருவர் எப்படி மறுபடி வாங்குவார்? "டாக்டர் இல்லியோ?" என்று என்னிடம் போனவாரம் தணிந்த குரலில் கேட்டார். நான் படித்துவிட்டேன். சொல்லவில்லை.

கதை இப்படித்தான் போகும் என்று இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? அத்தானின் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.