முதல் மார்க் வாங்கியவர்

"எழுந்திருங்க! உங்களத்தான் கேள்வி கேக்கறாங்க!"

மனைவி உலுக்கிய உலுக்கலில் கட்டில் ஆடியது. கணவர் அசையவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்த அந்த மனிதருக்கு, பாடம் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், கண் சொக்கிவிடும்.

நாட்டிலுள்ள தொழிலாளர்கள் எல்லோரும் புதுத்திறன் கற்றே தீர வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அதனால் மேனேஜர் உட்பட எல்லோருக்கும் சாயங்காலம் செல்போனில் வகுப்பு. வரப்போகும் கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டத் தெரியாதவர்கள் கிடங்குக்குப் போய் மாவு மூட்டை தூக்க வேண்டும். கணவருடைய இடுப்போ, குனிந்து செருப்பு மாட்டவே தகராறு செய்கிற இடுப்பு.

வேறு வழியில்லாமல் மனைவியே பதிலைத் தட்டி அனுப்பினாள். "மிகச் சரி!" என்று பாராட்டு வந்தது. மறுநாளும் அவர் தூங்கினார், அவள் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு ருசி கண்டுவிட்டது. செல்போனில் வந்த பரீட்சையையும் ஒரு கை பார்த்தாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"பிரமாதம்!" என்று மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க முதல் மார்க், நான் ரெண்டாவது. புது மெஷினும் வந்தாச்சு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீங்கதான் ஓட்டிக் காட்டணும். நான் கேள்வி கேப்பேன்."

வீடு திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சுமாரா எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? முதல் மார்க் வாங்கி என் மானத்த வாங்கிட்டியே!"

"தூங்கினது நீங்க, திட்டு எனக்கா? உக்காருங்க, சொல்லித் தரேன்."

உட்கார்ந்தார். முதல் பாடம் முடிவதற்குள் குறட்டை.

மிச்சமிருந்தது ஒரே வழி. பிஸ்கட்டில் முடி விழாமலிருக்க, பேக்கிங் பிரிவில் நுழையும் எல்லோரும் காதையும் மூடும் துணித்தொப்பி போட்டாக வேண்டும். உள்ளே ஒரு இயர்போன் ஒளிந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாள் மெஷின் முன்னால் போய் நின்றார்.

"பயப்படாதீங்க," என்றது காதுக்குள் மனைவியின் குரல். "வகுப்புல பழக்கமான ஒருத்தியும் துணைக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. பச்சை பட்டன அமுக்குங்க."

அமுக்கினார். மெஷின் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மேனேஜர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "வேகத்த எப்படிக் குறைக்கிறது?"

"இடது பக்கத் திருகு," என்றாள் மனைவி. குறைத்தார். மறுபடி கைதட்டல். மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது, மீசையைக்கூடத் தடவிக்கொண்டார்.

"ஐயையோ, பொங்குது! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று மனைவி காதுக்குள் அலறினாள்.

பதறிப்போய்ச் சிவப்பு பட்டன் மேல் பாய்ந்தார். அதே நேரத்தில் மேனேஜரும் பாய்ந்தார். இரண்டு கைகளும் மோதிக்கொண்டன. மெஷின் நின்றது.

"அடுப்புல பாலுங்க!" என்று சொல்லிவிட்டு மனைவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

பேக்கிங் பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் கண்முன் மாவு மூட்டைகள் வரிசை கட்டி நின்றன. எதிரே மேனேஜர் கேள்வி கேட்க வாயைத் திறந்தார், மூடினார், தொப்பிக்கு மேலாகக் காதைத் தடவினார்.

அப்போது கணவர் காதில் பழக்கமில்லாத ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணே, பதறாம நில்லுங்க. அவ பால இறக்கி வெச்சுட்டு வந்துடுவா. உங்க மேனேஜருக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்கு, நானும் இன்னும் அடுத்த கேள்வியச் சொல்லிக் குடுக்கல!"