நாற்காலிக் கேப்டன்

நாற்காலிக் கேப்டன் என்றொரு இனம் உண்டு. காலில் உப்புத்தண்ணீர் படாமல், முதுகில் வெயில் படாமல், வயிற்றைப் புரட்டாமல், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடியே ஏழு கடலையும் ஆள்கிற இனம். மனைவி ஃபோன் செய்தால், "இப்ப நடுக்கடல்ல இருக்கேன், அப்புறம் பேசு" என்பார்கள். கையில் காப்பி இருக்கும்.

ஹவாய்த் தீவின் கவைஹாய் துறைமுகத்து டெஸ்மண்ட் இந்த இனத்தின் அசல் வித்து. அவன் ஓட்டுவது ஆளில்லாப் படகு. எஞ்சின் இல்லை, டீசல் இல்லை. அலையில் ஏறி இறங்கும்போது அடியில் தொங்கும் துடுப்புகள் அசைந்து அதைத் தள்ளும், நாம் காய்கறி வாங்கப் போகிற வேகத்தில். கடலின் சூட்டை அளக்கும், கள்ளப் படகுகளைக் கவனிக்கும். அப்புறம் டெஸ்மண்ட் எதற்கு? திரையில் ஊரும் புள்ளியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், என் ராசா" என்று கெஞ்சுவதற்கு. ஜன்னலை மூடியே வைத்திருப்பான். கடல் வெளிச்சத்தில் கண் கூசுகிறதாம்!

அன்று கடல் காவல் அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் படகு பிடித்துப்போனால் டெஸ்மண்டுக்கு வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால், மாமனார் மோசஸின் மீன்பிடிப் படகில் உட்கார்ந்து தூண்டிலில் இரை கோர்க்க வேண்டியதுதான்.

ஆளில்லாப் படகின் கேமரா வழியாகத் திரையில் ஒரு மஞ்சள் படகு தெரிந்தது. அதை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

"சந்தேகமே இல்ல சார், வேவு பாக்குறான்!" என்றான் டெஸ்மண்ட்.

ரோந்துப் படகு பறந்தது. சற்று நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஒரு குரல்:

"ஏன் மாப்ள, இவங்கள ஏவிவிட்டது நீதானா? மிதக்கிறது எதுவானாலும் அடியில மீன் வந்து ஒண்டும்னு இங்க கைக்குழந்தைக்கும் தெரியுமே! உன் படகுக்குக் கீழ மகிமகி மீன் மொய்க்குது. அதான் சுத்துறேன்."

மோசஸ்! அந்தப் படகுக்குப் போன வருஷம் மஞ்சள் வர்ணம் பூசியது யார்? சாட்சாத் டெஸ்மண்ட்தான்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "உன் படகு மாமனார்னுகூடப் பாக்காம பிடிச்சுக் குடுத்திருக்கே! இதுதாம்பா எங்களுக்கு வேணும்."

வேலை நிலைத்தது. சாயங்காலம் மாமனார் வீட்டில் மகிமகி வறுவல், உறவெல்லாம் கூடியிருந்தது. டெஸ்மண்டின் தட்டில் மட்டும் வெறும் சோறு. மீன் எங்கே என்று அவன் நிமிர்வதற்குள் ஃபோன் சிணுங்கியது. மோசஸ் வறுவலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

"திரையில பாத்துக்கிட்டே சாப்பிடு, கேப்டன்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று சாப்பாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, ஃபோனில் ஊர்ந்த பைக் பொம்மையைப் பார்த்து, "ஏன்யா அந்தத் தெருவுல திரும்புற?" என்று கத்தியது யார்? சாப்பாடு கொண்டுவந்தவர் அப்போது உங்கள் வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்தார்.